வில்லுக்கு ஏற்ற மரம்

சித்திரைத் திருவிழாவின் ஒன்பதாம் நாளன்று மதுரை மாசி வீதிகளில் நடைபெறும் திக்கு விஜயத்தைக் கண்டவர்கள், முந்தைய நாள் பட்டாபிஷேகம் பெற்று மறுநாளே வில்லேந்திப் புறப்பட்டு எட்டுத் திக்குப் பாலகர்களையும் எதிர்கொள்ளும் மீனாட்சியம்மையின் கோலத்தை எளிதில் மறந்துவிட மாட்டார்கள். விஜயதசமியன்று தமிழகத்து ஆலயங்கள் பலவற்றில் சுவாமி எழுந்தருளி வன்னி மரத்தை நோக்கி அம்பு விடும் வைபவமும், பாண்டிய நாட்டுக் கோயில் தூண்களில் வில்லோடு நிற்கும் வேடர்களும் வீரர்களும் மன்மதனும் நமக்குப் பழக்கமானவையே. இவ்வாறு நம்முடைய பக்தியிலும் சிற்பத்திலும் கதையிலும் கலந்து நிற்கும் அந்த ஆயுதத்தை, ஒரு தச்சனுடைய கண்கொண்டு, எந்த மரத்தில் பிறந்தது, எவ்வாறு பிளக்கப்பட்டது, எத்தனை காலம் நிழலில் உலர்ந்தது என்று விசாரித்துப் பார்ப்பவர்கள் மட்டும் மிக அரியர். ஆனால் வில் என்பது முதலாவதாக மரத்தைப் பற்றிய ஒரு வித்தை. எய்தல் அதற்குப் பிற்பட்ட வித்தையே ஆகும்.

நம் தேசத்தில் இந்த வித்தையைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளுள் ஒன்று கௌடில்யருடைய அர்த்தசாஸ்திரத்தில் இருக்கிறது. நெடுங்காலம் மறைந்துகிடந்து, 1905-ஆம் ஆண்டில் மைசூரில் சாமா சாஸ்திரியார் கையில் ஓலைச் சுவடியாகக் கிடைத்து, 1909-இல் அச்சேறிய அந்நூல், ஆயுதசாலைத் தலைவனின் கடமைகளைச் சொல்லுமிடத்தில், வில் செய்யத் தகுந்த பொருள்கள் பனை, மூங்கில், மரம், கொம்பு என நான்காக வகுக்கிறது. நாணுக்கு மருள், எருக்கு, சணல், மூங்கில் முதலியவற்றின் நாரையும் விலங்கின் நரம்பையும் சொல்லுகிறது. இந்தப் பட்டியலைப் படித்துவிட்டு மதுரையிலிருந்து மேலூர்ப் பக்கமோ திருமங்கலத்துப் பக்கமோ சிறிது தூரம் நடப்பவர், வயல் வரப்பில் பனையையும், தரிசு நிலத்தில் எருக்கையும், புதர் நிழலில் மருளையும் தாமே காணலாம். அலெக்சாந்தரின் கடற்படைத் தலைவனான நியார்க்கஸ், இந்தியக் காலாட்படை வீரனின் வில் அவன் உயரத்துக்குச் சமமானது என்றும், அதன் ஒரு முனையைத் தரையில் ஊன்றி இடக்காலால் அழுத்தி நாணை இழுப்பான் என்றும் எழுதிவைத்ததாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் அர்ரியன் தெரிவிக்கிறார். அத்தகைய நீண்ட வில்லைத் தரக்கூடிய பொருள் யாவும் நம் சமவெளியிலும் அதைச் சூழ்ந்த மலைச்சரிவுகளிலும் இருந்திருக்கின்றன, இன்றும் இருக்கின்றன.

மரத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையை அறிவதற்கு முன், வளைந்த வில்லுக்குள் நடப்பது என்ன என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பச்சை வேப்பங்குச்சி ஒன்றை இரு கைகளாலும் பிடித்து மெல்ல வளைத்துப் பார்த்தால், வளைவின் வெளிப்புறத்து நார்கள் இழுபட்டு நீள்வதையும், உட்புறத்து நார்கள் ஒன்றையொன்று நெருக்கிச் சுருங்குவதையும் கண்ணாலேயே காணலாம். மேலும் வளைத்தால், வெளிப்புறத்து நார்களே முதலில் சிலிர்த்து எழும். வில்லின் கதையும் அதுவே. எய்பவனுக்கு அப்பால் இருக்கும் பக்கத்தை வில்லின் முதுகு என்றும், அவனை நோக்கிய பக்கத்தை வயிறு என்றும் சொல்லுவோமானால், முதுகு இழுவிசையையும் வயிறு அழுத்தத்தையும் தாங்குகின்றன. இரண்டுக்கும் நடுவிலுள்ள பகுதி ஏறக்குறைய சும்மா இருக்கிறது. பழுதற்ற மரம் நார்ப்போக்கில் தாங்கும் இழுவிசை, அது தாங்கும் அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அப்படியிருந்தும் வில்கள் பெரும்பாலும் முதுகுப் புறத்தில்தான் ஒடிகின்றன. முதுகிலுள்ள நார் எங்கேனும் ஓரிடத்தில் அறுபட்டிருந்தால், அந்த வெட்டுவாயில் பிளவு தொடங்கிவிடும் என்பதே அதற்குக் காரணம். ஆகவே வில் தொழிலின் ஆதார விதியை ஒரே வாக்கியத்தில் அடக்கிவிடலாம்: முதுகின் நார் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை அறுபடாமல் ஓடவேண்டும். மற்ற விதிகள் அனைத்தும் இதிலிருந்து கிளைத்தவையே.

இந்த விதியை உலகமெங்கும் மனிதர்கள் மிகத் தொன்மையிலேயே கண்டறிந்துவிட்டார்கள். 1944-இல் டென்மார்க்கின் ஹோல்மகார்ட் சதுப்பு நிலத்தில் கிடைத்த எல்ம் மரத்து வில்கள் ஏறக்குறைய 9,000 ஆண்டுகள் பழமையானவை. 1991-இல் ஆல்ப்ஸ் மலைப் பனிக்கட்டியில் கண்டெடுக்கப்பட்ட ஆதி மனிதனின் அருகே, 1.82 மீட்டர் நீளமுள்ளதும் செதுக்கி முடிக்கப்படாததுமான யூ மரத்து வில் ஒன்று இருந்தது. ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முன் அவன் அதில் விட்டுச்சென்ற வெட்டுத் தடங்கள் இன்றும் தெளிவாக இருக்கின்றன. 1545-இல் மூழ்கி 1982-இல் வெளிக்கொணரப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலப் போர்க்கப்பலிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட நெடுவில்கள் கிடைத்தன. அவையும் யூ மரமே. அம்மரத்தின் வெளிப்புறத்து வெளிறு இழுவிசையையும் உட்புறத்து வைரம் அழுத்தத்தையும் நன்கு தாங்குமாதலால், இரண்டும் சேரும் இடத்தில் கட்டையை எடுத்து, வெளிறை முதுகாகவும் வைரத்தை வயிறாகவும் அமைத்தார்கள். அந்த மரத்துக்கு இங்கிலாந்தில் ஏற்பட்ட பஞ்சம், வெளிநாட்டுக் கப்பல்கள் ஒவ்வொரு டன் சரக்குக்கும் நான்கு வில்கட்டைகள் கொண்டுவர வேண்டும் என்று 1472-இல் சட்டம் இயற்றும் அளவுக்கு முற்றியது. நல்ல வில்மரம் ஒரு ராஜ்யத்தின் செல்வமாகக் கருதப்பட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மதுரையைச் சுற்றியுள்ள மரங்களுள் எவை வில்லுக்கு ஆகும், எவை ஆகா?

கடம்பவனம் என்று புராணங்கள் புகழும் ஊர் இது. ஆனால் ஆலயத்தில் போற்றிப் பாதுகாக்கப்படும் அந்தத் தல விருட்சத்தின் இனம் மென்மரம். பூவுக்கும் நிழலுக்கும் உரியதே தவிர வில்லுக்கு உரியதன்று. வீதிதோறும் நிற்கும் வேம்பு உறுதியானது. ஆயினும் அதன் நார்கள் ஓர் அடுக்கில் ஒரு பக்கமும் அடுத்த அடுக்கில் மறுபக்கமுமாகச் சாய்ந்து பின்னிக்கொள்ளும் இயல்புடையவை. ஆப்பு வைத்துப் பிளந்தால் நேராகப் பிளவாது. புளியும் அவ்வாறே, செக்குக்கும் உலக்கைக்கும் அதன் கனம் பயன்படும், வளைவுக்குப் பயன்படாது. கண்மாய்க் கரைக் கருவேலமும் வெள்வேலமும் வைரம் மிக்கவை, கலப்பைக்கும் வண்டிக்கும் புகழ்பெற்றவை. ஆனால் ஆறடி நீளத்துக்குக் கணுவில்லாத நேரான தண்டு அவற்றில் கிடைப்பது துர்லபம். மானாவாரி நிலமெல்லாம் பரவிவிட்ட சீமைக் கருவேலத்துக்கும் இதே குறைதான்; கடினம் உண்டு, நேர்மை இல்லை. தேக்கு நேராக வளரும், நேராகப் பிளக்கும். ஆயினும் திடீர் அதிர்ச்சியைத் தாங்கும் ஆற்றல் அதற்குக் குறைவு. பூவரசு அதற்கு மாறாக அதிர்ச்சியைத் தாங்கும். வண்டிச் சக்கரத்துக்குத் தச்சர்கள் அதை விரும்பியதன் காரணம் அதுவே.

இந்திய மரங்களுள் வில்லுக்கென்றே பெயர்பெற்றது சடச்சி எனப்படும் மரம். வடநாட்டில் தாமன் என்று வழங்கும் இதன் கட்டை, வில்லுக்கும் துடுப்புக்கும் வண்டியின் ஏர்க்காலுக்கும் காவடித் தண்டுக்கும் நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்திருக்கிறது. வளைத்தால் நெகிழும், விட்டால் நிமிரும் குணம் அதற்கு இயற்கையாகவே அமைந்திருக்கிறது. இது சமவெளி மரமன்று. மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவுகளில் இலையுதிர் காடுகளில் வளர்வது.

சமவெளிவாசிக்கு எளிதில் கிட்டுபவை மூங்கிலும் பனையும். இவ்விரண்டும் தாவர சாஸ்திரப்படி ஏனைய மரங்களிலிருந்து வேறுபட்டவை. வயது கூடக்கூட ஆண்டு வளையங்கள் சேர்ந்து பருப்பவை அல்ல. மற்ற மரங்களில் வைரம் உள்ளே இருக்க, இவற்றில் வலிமை வெளிப்புறத்தில் இருக்கிறது. மூங்கிலின் பச்சைத் தோலுக்குச் சற்று உட்புறத்தில் நார்கள் மிக நெருக்கமாகவும், உள்ளே செல்லச் செல்ல ஐதாகவும் அமைந்திருக்கின்றன. பனையிலும் நடுப்பகுதி சோறுபோல் மென்மையாக இருக்க, வெளிச்சுற்று மட்டும் கருத்த நார்களோடு இறுகிக் கிடக்கிறது. முதிர்ந்த மரத்தின் அடிப்பகுதியில் அந்த இறுக்கம் அதிகம். ஆகவே இவ்விரண்டிலும் இயற்கையே வில்லின் முதுகை அமைத்துக் கொடுத்துவிடுகிறது. தோல்புறத்தைச் சிறிதும் செதுக்காமல் முதுகாக வைத்துக்கொண்டு, உட்புறத்தை மட்டும் வயிறாகக் குறைத்துக்கொண்டு வந்தால் போதும். நம் முன்னோர் மரத்தைத் தனியாகவும் பனை, மூங்கில்களைத் தனியாகவும் வகுத்துச் சொன்னது எவ்வளவு நுட்பமான பார்வை என்பது இதனால் விளங்கும்.

மூங்கிலில் குழல் அகன்ற முள் மூங்கிலைவிட, வறண்ட குன்றுகளில் வளரும் கல் மூங்கில் வில்லுக்கு மேலானது. அதன் சுவர் தடித்தது, சில கழிகள் உள்ளே துளையின்றியும் இருக்கும். ஓராண்டுக் கழியில் மடலும் வெண்மாவும் ஒட்டியிருக்கும். அது நீர்ப்பதம் மிகுந்தது, உலர்ந்தால் சுருங்கிவிடும். மூன்று, நான்கு ஆண்டுகள் நின்று, மாவு உதிர்ந்து, தட்டினால் கணீரென்று ஒலிக்கும் கழியே எடுக்கத் தக்கது. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து தை, மாசியில், அதுவும் தேய்பிறையில், உளுக்காதிருக்கும் பொருட்டு வெட்டுவது நாட்டு வழக்கம். உளுப்பதற்குக் காரணம் மூங்கிலிலுள்ள மாவுச்சத்து; அதை உண்ணவே வண்டு துளைக்கிறது. வெட்டிய கழியைச் சில வாரங்கள் நீரில் ஊறப்போட்டு அந்தச் சத்தைக் கரைத்துவிட்டுப் பின் உலர்த்தும் பழைய முறை இன்றும் பயன் தருவதே.

மரத்தை எடுப்பவர், நிற்கும்போதே அதன் பட்டையைப் படித்துவிட வேண்டும். பட்டையின் வெடிப்புகள் தண்டைச் சுற்றிக்கொண்டு ஏறினால், உள்ளே நாரும் முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று அறிந்து அந்த மரத்தை விட்டுவிடுவது நலம். தண்டு மெல்லியதானால் முதுகு மிகவும் குவிந்துவிடும். பருத்த தண்டில் தட்டையான முதுகு கிடைக்கும். கட்டையை ரம்பத்தால் அறுக்காமல் ஆப்பால் பிளப்பதே உத்தமம். ரம்பம் தன் வழியே போகும், ஆப்போ நாரின் வழியே போகும். பிளந்த கட்டை சற்றுக் கோணலாக இருந்தாலும் குற்றமில்லை. நார் அறுபடாத கோணல் வில், நார் அறுபட்ட நேர் வில்லைவிட நெடுநாள் வாழும். கணு இருக்கும் இடத்தில் அதைச் சுற்றிச் சிறிது சதையை மிகுதியாக விட்டு, நார் வளைந்து செல்லும் வழியிலேயே செதுக்கவேண்டும்.

பிறகு உலர்த்தல். ஆண்டுக்கு ஏறத்தாழ 850 மில்லிமீட்டர் மழையே பெறும் மதுரையில், பங்குனி முதல் ஆனி வரை வீசும் வெப்பக் காற்று ஈரத்தை மிக விரைவாக உறிஞ்சிவிடும். அவ்வளவு விரைவு நன்மையன்று. கட்டையின் வெட்டு முனைகள் முன்னதாக உலர்ந்து சுருங்க, நடுப்பகுதி ஈரமாகவே இருக்க, அந்த முரண்பாட்டில் முனையிலிருந்து நெடுக வெடிப்பு ஓடிவிடும். ஆதலால் இரு முனைகளிலும் மெழுகோ சாயமோ சாணமோ கனமாகப் பூசி, வெயில் படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் தரையில் படாமல் அடுக்கிவைக்க வேண்டும். வாரந்தோறும் நிறுத்துப் பார்த்து, எடை குறைவது நின்றுவிட்டால் உலர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். மரத்தின் எடையில் எட்டு முதல் பத்து சதவீதம் ஈரம் இருப்பது வில்லுக்கு ஏற்ற பதம். அதற்கு மேற்பட்டால் வில் சோம்பி வளைந்தபடியே நின்றுவிடும். மிகக் குறைந்தால் முறுகி ஒடியும்.

உலர்ந்த கட்டையை வாய்ச்சியால் உருப்படுத்தி, இழைப்புளியாலும் அரத்தாலும் குறைக்கத் தொடங்கும்போது கணித சாஸ்திரம் உதவிக்கு வருகிறது. அகலத்தை இரு மடங்காக்கினால் விறைப்பு இரு மடங்காகும். கனத்தை இரு மடங்காக்கினாலோ எட்டு மடங்காகும். ஆகவே கனத்தில் பத்தில் ஒரு பங்கு மட்டும் குறைத்தாலும் விறைப்பில் கால் பங்குக்கு மேல் போய்விடுகிறது. அவசரக்காரன் வில்லைக் கெடுப்பது இந்த இடத்தில்தான். எவ்வளவு தூரம் நாணை இழுக்க விரும்புகிறோமோ அதைப்போல் இரு மடங்கும், அதற்குமேல் கைப்பிடியின் நீளமும் சேர்ந்தது வில்லின் நீளம் என்பது பாதுகாப்பான அளவு. இருபத்தெட்டு அங்குலம் இழுப்பவனுக்கு ஏறக்குறைய ஐந்தரை அடி வேண்டும்.

இனி வருவது இத்தொழிலின் உயிர்நாடியான பகுதி. வில்லின் இரு கரங்களும் ஒன்றுபோல் வளையும்படி, கைப்பிடியிலிருந்து நுனிவரை எந்த இடத்திலும் முடங்காமலும் எந்த இடத்திலும் விறைத்து நில்லாமலும், வயிற்றுப்புறத்தைச் சுரண்டிச் சுரண்டிச் சமன்செய்தல். முதலில் நுனியைத் தரையில் ஊன்றி மெல்ல அழுத்திப் பார்க்கவேண்டும். பின்னர் தளர்ந்த நீண்ட நாணொன்றைக் கட்டி, சுவரில் பதித்த தாங்கியில் கைப்பிடியை வைத்து, நாணைச் சிறிது சிறிதாகக் கீழே இழுத்து, சற்று எட்ட நின்று வளைவைப் பார்க்கவேண்டும். வளையாத இடத்தில் பென்சிலால் குறியிட்டு அங்கே மட்டும் சுரண்ட வேண்டும்; மிகுதியாக வளையும் இடத்தைத் தொடவே கூடாது. ஒவ்வொரு முறை சுரண்டிய பிறகும் பல தடவை மெல்ல வளைத்துவிட்டால்தான் அந்த மாற்றம் மரத்தில் பதியும். வயிற்றில் குறுக்காக மெல்லிய சுருக்கக் கோடுகள் தோன்றினால், அந்த இடத்து நார்கள் நசுங்கத் தொடங்கிவிட்டன என்பது பொருள். உடனே அதன் இரு பக்கங்களையும் குறைத்து அந்த இடத்தின் பாரத்தைப் பகிர்ந்துவிட வேண்டும். முதுகின்மீது மட்டும், இறுதிவரை, கருவி படலாகாது. கடைசியில் கண்ணாடிச் சில்லால் வழித்து, நாண் பொருந்தும் குதைகளை அரத்தால் வட்டமாக்கி, எண்ணெய் ஊட்டி முடித்தால் வில் தயார்.

இவ்வளவு அறிவும் இந்த மண்ணுக்கு அந்நியமானது என்று எண்ணிவிடலாகாது. ஆதிச்சநல்லூர்ப் புதைகுழிகளில் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தெடுத்த இரும்பு ஆயுதங்களுள் அம்பு முனைகளும் உண்டு. மதுரை, சிவகங்கைச் சீமைகளுக்கே உரிய வளரி என்னும் எறிபடைக்கும் நார்ப்போக்கின் விதி பொருந்தும். வளைந்த மரப்படையின் நார் வளைவோடு ஓடாமல் குறுக்கே அறுபட்டிருந்தால், மோதிய வேகத்தில் அந்த இடத்திலேயே முறியும். சிவகங்கைச் சீமையை ஆண்ட சின்ன மருது தமக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்ததாக ஆங்கிலப் படையதிகாரி கர்னல் வெல்ஷ் 1830-இல் வெளிவந்த தம் நினைவுக் குறிப்புகளில் நன்றியோடு எழுதியிருக்கிறார். ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட அந்தச் சின்ன மருதுவும் அவர் தமையனாரும் 1801-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். அதன்பின் பாளையங்களின் ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. ஆயுதம் போயிற்று, ஆயுதத்துக்காக மரம் பார்த்த கண்ணும் அதனோடு மங்கிற்று. வளரிகள் இன்று சென்னை அருங்காட்சியகத்தில் காட்சிப் பொருளாக இருக்கின்றன. தெற்கே வில்லுப்பாட்டுக் கலைஞர்களின் கையில், மணிகள் தொங்க, வீசுகோல் பட்டு ஒலிக்கும் பெரிய வில் மட்டும் உயிரோடு இருக்கிறது. நீலகிரித் தோடரிடத்தில், கருவுற்ற மனைவிக்குக் கணவன் வில்லும் அம்பும் கொடுத்துத் தந்தைமையை உலகறியச் செய்யும் சடங்கில் ஒரு சிறு வில் இருக்கிறது.

எனினும் இவ்வித்தை முற்றிலும் போய்விடவில்லை என்று துணிந்து சொல்லலாம். தேசிய வில்வித்தைப் போட்டிகளில் இந்தியன் ரவுண்டு என்ற பிரிவு முழுவதும் மூங்கில் வில்லும் மூங்கில் அம்பும் கொண்டே 30 மீட்டர், 50 மீட்டர் தூரங்களில் நடைபெறுகிறது. விலையுயர்ந்த அந்நிய வில்களை வாங்க இயலாத கிராமப் பிள்ளைகளுக்கு அப்பிரிவு ஒரு வாசல். அந்த வாசலில் நம் பிள்ளைகள் நுழையவேண்டுமானால் நல்ல மூங்கில் வேண்டும். அதை வனத்தில் திருட்டுத்தனமாக வெட்டவேண்டிய அவசியம் எவருக்கும் இல்லை. 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்தால், வனத்துக்கு வெளியே வளரும் மூங்கில் இந்திய வனச் சட்டத்தின்படி மரமாகக் கருதப்படுவதில்லை; சொந்த நிலத்தில் வளர்த்து வெட்டலாம். அழகர்மலை, சிறுமலைக் காடுகளில் கை வைப்பது குற்றம். பனையை வெட்டவும் மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசு விதித்திருக்கிறது. புயலில் தானே விழுந்த முதுபனை ஒன்றின் அடிமரமே எத்தனையோ வில்களுக்குப் போதும்.

மதுரையைச் சூழ்ந்த ஊர்களில் கலப்பையும் பார வண்டியும் செய்த முதிய தச்சர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். பட்டையைப் பார்த்தே உள்ளிருக்கும் நாரின் போக்கைச் சொல்லக்கூடிய கடைசித் தலைமுறை அவர்கள். அவர்களுக்கு வில் செய்து பழக்கமில்லாமல் இருக்கலாம். வில்லுக்கு வேண்டிய அறிவு அவர்களிடம் இருக்கிறது. பள்ளிகளின் கைத்தொழில் வகுப்புக்கு அவர்களை மரியாதையோடு அழைத்துவந்து, ஒரு மூங்கிலைப் பிளப்பது முதல் நாணேற்றுவது வரை மாணவர்களுக்குக் காட்டச் செய்தால், செலவு சொற்பம், பயன் பெரிது. வைக்கோற்பிரிக் குறியை நோக்கியன்றி உயிருள்ள எதையும் நோக்கி அம்பு விடலாகாது என்ற தர்மத்தையும், நாணில் அம்பில்லாமல் வில்லை இழுத்து விட்டுவிடலாகாது என்ற ஒழுங்கையும் முதல் பாடமாகவே சொல்லிவிட வேண்டும். நிலமுள்ள வாசகர்கள் இந்த ஆண்டு மழைக்கு முன் தங்கள் வேலியோரத்தில் ஒரு கல் மூங்கில் குத்தையாவது நட்டுவைக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். இன்று நடுவதிலிருந்து வில்லுக்குரிய முதிர்ந்த கழி கிடைக்கச் சில ஆண்டுகள் ஆகும் என்பதால், தாமதம் கூடாது.